பண்பாட்டு வேறுபாடு பற்றிய கேள்வி: செவிலியர் நேர்முகத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“உங்களுடைய பண்பாட்டிலிருந்து வேறுபட்ட ஒரு நோயாளரை எவ்வாறு பராமரித்தீர்கள்?” என்று தேர்வுக் குழுவினர் கேட்டவுடன் பலருடைய வாயிலிருந்து வரும் பதில், “நான் யாரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை, எல்லோரையும் ஒரே மாதிரிதான் கவனிப்பேன்” என்பதே. சொல்பவரின் மனம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு இது பதிலாகாது. மரியாதை எல்லோருக்கும் ஒன்றுதான், பராமரிப்பு அப்படியன்று. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் சமய நோன்பு இருக்கும் நாளில், அவருக்கும் மற்றவர்களுக்குத் தரும் அதே அறிவுரையைத் தந்துவிட்டு நகர்ந்தால், அவர் நம்மிடம் சொல்லாமலே நோன்பிருப்பார், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். நோன்பைப் பற்றி முன்கூட்டியே கேட்டு, மருத்துவரிடம் தெரிவித்து, மருந்தின் அளவும் நேரமும் மாற்றப்பட வழிசெய்ததாகச் சொல்பவரின் பதிலில்தான் செவிலியப் பணி தென்படுகிறது.

இதற்கு நேர்மாறான தவறு, வீட்டில் மனப்பாடம் செய்துவந்த பட்டியலை ஒப்பிப்பது: இந்த மதத்தினர் இதை மறுப்பார்கள், அந்த நாட்டினர் வலியை வெளிக்காட்டமாட்டார்கள் என்பது போன்றவை. அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர் 1950களில் பண்பாடு கடந்த செவிலியத்துக்கு அடித்தளமிட்டபோது, நோயாளரின் பின்னணியை அறிந்துகொள்வதே பராமரிப்பின் ஒரு பகுதி என்ற எண்ணம் வலுப்பெறத் தொடங்கியது. எனினும், அந்த அறிவு ஒரு கட்டத்தில் நிறைவுற்றுவிடும் என்ற நினைப்பைக் கேள்விக்குள்ளாக்கி, மெலனி டெர்வலோன், ஜான் மரே-கார்சியா என்னும் இரு மருத்துவர்கள் 1998இல் ‘பண்பாட்டுப் பணிவு’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். தன் சார்புகளைத் தானே சோதித்துக்கொண்டு, நோயாளரிடமிருந்து வாழ்நாள் முழுவதும் கற்பது என்பது அதன் சாரம். யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவினர் இரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை என்பது பொதுவாக உண்மை. ஆனால் ஆல்புமின் என்னும் புரதம் போன்ற, இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் நுண்கூறுகளை ஏற்பதா வேண்டாமா என்பதை அவர்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவுசெய்கிறார்கள். ஆகவே “அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்” என்று சொல்வதைவிட, “அவரிடம் தனியாகக் கேட்டேன், அவர் சொன்னதைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த ஷிஃப்டுக்கும் தெரிவித்தேன்” என்று சொல்வது எத்தனையோ மடங்கு மேல். எப்படிக் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு, மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் பரிந்துரைத்த கேள்விகள் நல்ல வழிகாட்டி: இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் உங்களை மிகவும் அச்சுறுத்துவது எது, எந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என எதிர்பார்க்கிறீர்கள்.

என் கணிப்பில், தேர்வுக் குழு மிகக் கவனமாகச் செவிமடுப்பது மொழி பற்றிய பகுதியைத்தான். “நோயாளரின் மகளை வைத்துப் பேசிச் சமாளித்தேன்” என்பதைச் சாமர்த்தியமாக நினைத்துப் பலர் சொல்லிவிடுகிறார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க உறவினர் போதும். அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல், மருந்தின் அளவு, தீராத நோயைப் பற்றிய செய்தி ஆகியவற்றுக்குப் போதாது, அதிலும் குழந்தைகளைப் பயன்படுத்தவே கூடாது. உறவினர் சிலவற்றை மறைப்பார், சிலவற்றை மென்மையாக்குவார், சில சொற்கள் அவருக்கே தெரிந்திருக்காது. 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயக்கநிலையில் கொண்டுவரப்பட்ட ஓர் இளைஞரைப் பற்றி, உட்கொண்ட ஏதோவொன்று ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் குடும்பத்தினர் சொன்ன ‘இன்டாக்ஸிகாடோ’ என்ற ஸ்பானியச் சொல், போதைப்பொருள் மயக்கம் என்று புரிந்துகொள்ளப்பட்டது. உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு. அது தாமதமாகத் தெரியவந்தபோது அவருடைய கைகால்கள் நான்கும் செயலிழந்துவிட்டன. தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைத்ததையும், அவரைப் பார்க்காமல் நோயாளரின் முகத்தைப் பார்த்துப் பேசியதையும், “புரிந்ததா?” என்று கேட்டு நிறுத்தாமல் நோயாளரைத் தம் சொற்களில் திரும்பச் சொல்லச் செய்ததையும் குறிப்பிடுங்கள். ‘சரி’ என்று தலையாட்டுவது பல நேரங்களில் மரியாதை மட்டுமே.

பண்பாடு என்றவுடன் நம்பிக்கைகளை மட்டும் பேசி உடலை மறந்துவிடுவதும் உண்டு. கருமையான தோலில், ஆக்ஸிஜன் குறைவால் ஏற்படும் நீலம்பாய்தலும் மஞ்சள் காமாலையும் எளிதில் தெரிவதில்லை. வாயின் உட்புறத்தையும் கண்களின் வெண்பகுதியையும் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கருவியும் அத்தகைய தோலில் ஆக்ஸிஜன் அளவைச் சில வேளைகளில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். மருந்துகளும் இதில் அடங்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவதால், அது சமய நம்பிக்கையால் பன்றியை விலக்கும் சிலருக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டிய செய்தி. இதில் ஒன்றை உங்கள் பதிலில் சேர்த்தால் போதும். எல்லாவற்றையும் அடுக்கினால் மறுபடியும் பட்டியலாகிவிடும்.

சொல்லும் முறையிலும் சில சறுக்கல்கள் நேர்கின்றன. நோயாளரின் வழக்கத்தை ‘மூடநம்பிக்கை’ என்று சொல்லிவிட்டு, அதை நீங்கள் மாற்றிக் காட்டியதாகப் பெருமைப்பட்டால் அங்கேயே வாய்ப்பு நழுவலாம். பெயர், ஊர், வார்டு என்று அடையாளம் தெரியும்படி விவரிப்பது இரகசியத்தைக் காக்கத் தெரியாதவர் என்று காட்டிக்கொடுக்கும். எந்தச் சிக்கலும் இல்லாமல் எல்லாம் இனிதே முடிந்த கதையைவிட, ஆண் செவிலியர் வேண்டாம் என்று மறுத்த நோயாளரிடம் முதலில் எரிச்சலோடு நடந்துகொண்டு, பிறகு காரணத்தைக் கேட்டுப் பணியை மாற்றியமைத்த கதை நம்பத் தகுந்தது. அதில் நீங்கள் செய்ததை ‘நாங்கள்’ என்று மறைக்காமல் ‘நான்’ என்றே சொல்லுங்கள்.

படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள், இல்லாத அனுபவத்தைப் புனைய வேண்டியதில்லை, ஏனெனில் “அப்போது அவர் என்ன சொன்னார்?” என்ற ஒரே துணைக் கேள்வியில் புனைவு உடைந்துவிடும். பயிற்சிக் காலத்தில் கண்ட ஒரு சிறு நிகழ்வையோ, “அப்படியொரு நோயாளர் வந்தால் முதலில் இதைக் கேட்பேன், பிறகு இவரிடம் தெரிவிப்பேன்” என்ற நேர்மையான படிகளையோ சொன்னால் போதும்.