வரலாற்றில் இன்று: தேதியைச் சரிபார்த்து எழுதும் முறை

'வரலாற்றில் இன்று' எழுதும்போது நிகழ்வு தவறுவது குறைவு, தேதி தவறுவதுதான் அதிகம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுத, பிழையான தேதியே நிலைத்துவிடும். ஒவ்வொரு தேதிக்கும் பின்னால் ஓர் இடம், ஒரு கடிகாரம், ஒரு நாள்காட்டி இருக்கின்றன. இந்த மூன்றும் தெரியாமல் எதையும் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

முதலில், எந்தக் கணத்தைச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்கு, மூழ்கியது 15-ஆம் தேதி அதிகாலை 2.20-க்கு. "ஏப்ரல் 14: டைட்டானிக் மூழ்கியது" என்பது பிழை. அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனமும் அப்படித்தான். விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2, பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. வாக்கியத்தின் வினைச்சொல்லும் தேதியும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அடுத்தது கடிகாரம். பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7. அதே நேரத்தில் ஜப்பானில் டிசம்பர் 8. அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது உலகப் பொது நேரப்படி 1969 ஜூலை 20, 20.17 மணி. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்ததோ 21-ஆம் தேதி 2.56 மணி. அமெரிக்காவில் அப்போதும் 20-ஆம் தேதி இரவுதான். நிகழ்ந்த இடத்தின் நேரத்தையே எடுத்துக்கொள்வது பொதுவிதி. விண்வெளி நிகழ்வுகளுக்கு உலகப் பொது நேரத்தைப் பிடித்து, அதைக் குறிப்பிட்டும் விடுங்கள்.

அதிகம் சறுக்குவது நாள்காட்டியில்தான். 1582 அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 ஆக்கி, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் முறை இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் தொடங்கியது. பிரிட்டன் 1752-இல்தான் மாறியது: செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14. ரஷ்யா 1918-இல் மாறியது: ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. ஆகவே அதற்கு முந்தைய பழைய நாள்காட்டியான ஜூலியன் முறைத் தேதியைக் கிரிகோரியனுக்கு மாற்றும்போது 1700 பிப்ரவரி வரை 10 நாள் கூட்டுங்கள். அதன்பின் 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதற்கு மேல் 13. ரஷ்யாவின் 'அக்டோபர்' புரட்சி 1917 அக்டோபர் 25 + 13 = நவம்பர் 7 ஆவது இப்படித்தான்.

ஆங்கில நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸும் ஒரே நாளில் இறந்ததாக இன்றும் எழுதுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் 1616 ஏப்ரல் 23 ஜூலியன் தேதி. கிரிகோரியனில் மே 3. செர்வான்டிஸ் இறந்தது கிரிகோரியன் ஏப்ரல் 22, அடக்கம் 23. இடையில் பத்து நாளுக்கு மேல்!

இங்கிலாந்தில் 1752-க்கு முன் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. அதனால் ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளில் ஆண்டையும் சோதியுங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22.

1582-க்கு முந்தைய தேதிகளை மாற்றவே வேண்டாம், ஜூலியனிலேயே விடுங்கள். கிழமை தெரிந்தால் நல்ல சோதனை கிடைக்கும். கான்ஸ்டான்டினோபிள் வீழ்ந்த 1453 மே 29 செவ்வாய்க்கிழமை. கிரிகோரியனைப் பின்னோக்கி நீட்டும் மென்பொருள் அதை ஞாயிறு என்று காட்டும். தேதி சரி, மென்பொருளின் நாள்காட்டிதான் வேறு.

இனி எண்ணிக்கை. "75-ஆவது சுதந்திர தினம்" 2021-இல் வந்தது. "75 ஆண்டு நிறைவு" 2022-இல். 1947-இன் அந்த நாளையே ஒன்று என எண்ணுவதால் வரும் வித்தியாசம் இது. எப்போதும் 'நிறைவு' என்றே எழுதினால் குழப்பமில்லை. கி.மு. ஆண்டானால் அந்த ஆண்டையும் நடப்பு ஆண்டையும் கூட்டி ஒன்றைக் கழியுங்கள், ஏனெனில் 0 என்று ஓர் ஆண்டு கிடையாது. கி.மு. 490-இல் நடந்த மராத்தான் போருக்கு 2500 ஆண்டு நிறைந்தது 2010-இல் அல்ல, 2011-இல்.

பிப்ரவரி 29 நிகழ்வுகளைச் சாதாரண ஆண்டுகளில் 28-ஆம் தேதி போட்டு, உண்மையான தேதியைச் சொல்லிவிடுங்கள். மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-இல் பிறந்தவர்.

பட்டியலை எக்செலில் வைப்பதானால் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எண்ணாக இடுங்கள். 1900-க்கு முந்தைய தேதிகளை அது தேதியாக ஏற்காது; போதாக்குறைக்கு 1900-ஐ லீப் ஆண்டு என்று கணக்கிடும். நான்காவது பத்தியில் நாள்காட்டி, ஐந்தாவதில் இடம், ஆறாவதில் தேதி எடுத்த நூல். 4/7 என்பது ஏப்ரல் 7-ஆ ஜூலை 4-ஆ என்ற சந்தேகம் வரும் என்பதால் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிய நூலிலிருந்தே எடுங்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு நூல்களாவது ஒத்துப்போகாத வரை அந்த வரியை வெளியிடாமல் நிறுத்தி வையுங்கள்.