தள்ளுபடி மனுவா, சுருக்கத் தீர்ப்பு மனுவா? பதில் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

வழக்குத் தொடுத்த சில வாரங்களில் எதிர்த் தரப்பிலிருந்து ஒரு மனு வருகிறது. வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடும் ஒருவர் அதைப் பிரித்ததும் கலங்கிப்போவது இயல்பு. இது அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் வழக்கு நடத்துபவர்களுக்கான விளக்கம். மாநில நீதிமன்றங்களின் விதிகள் வேறு.

படி 1: விதி எண்ணைப் பாருங்கள்

மனுவின் தலைப்பிலோ முதல் பத்தியிலோ கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி ஒன்றின் எண் இருக்கும். 12(பி)(6) என்றால் அது தள்ளுபடி மனு, அதாவது உங்கள் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடக் கேட்பது. 56 என்றால் சுருக்கத் தீர்ப்பு மனு, அதாவது விசாரணை நடத்தாமலே தீர்ப்புக் கேட்பது. பதில் தர எத்தனை நாள் என்பதை அந்த நீதிமன்றத்தின் உள்ளூர் விதிகளில் உடனே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தள்ளுபடி மனு என்றால், உங்கள் வழக்குரையை (வழக்குத் தொடுக்க நீங்கள் தாக்கல் செய்த ஆவணத்தை) எடுங்கள்

இந்தக் கட்டத்தில் நீதிபதி சாட்சியத்தை எடைபோடுவதில்லை. நீங்கள் எழுதிய நிகழ்வுகள் அனைத்தும் உண்மை என்றே வைத்துக்கொண்டு, அப்படியானால் சட்டப்படி நிவாரணம் கிடைக்குமா என்று மட்டும் பார்க்கிறார். நிகழ்வுகளை நம்புவார், நீங்களே சொல்லிக்கொண்ட முடிவுகளை நம்ப மாட்டார். 2007இல் ட்வாம்ப்ளி வழக்கிலும் 2009இல் இக்பால் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது. கோரிக்கை வெறும் சாத்தியமாக இருந்தால் போதாது, நம்பத்தக்கதாக இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. "புகார் செய்ததற்காக நிறுவனம் என்னைப் பழிவாங்கியது" என்பது முடிவு. "மார்ச் 3 அன்று மிகைநேர ஊதியம் வரவில்லை என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மார்ச் 7 அன்று அவரே என்னை வேலையிலிருந்து நீக்கினார். அதற்கு முன் என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை" என்பது நிகழ்வு. இரண்டாவது வகை வாக்கியங்கள்தாம் வழக்கைக் காப்பாற்றும். உங்கள் வழக்குரையில் முதல் வகைதான் நிறைந்திருக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். இந்த மனு உங்களுக்கு முறைப்படி அனுப்பிச் சேர்க்கப்பட்ட (சார்வு செய்யப்பட்ட) 21 நாட்களுக்குள் வழக்குரையை ஒருமுறை திருத்த விதி 15 உரிமை தருகிறது. அந்த உரிமையை முன்பே பயன்படுத்தியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். பலவீனமான வழக்குரையைத் தூக்கிப்பிடித்துப் பத்துப் பக்கம் வாதாடுவதைவிட அதைத் திருத்துவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

படி 3: சுருக்கத் தீர்ப்பு மனு என்றால், சான்றுகளை அடுக்குங்கள்

வழக்குரையில் எழுதியது மட்டும் இங்கே போதாது. இதை அறியாமல் "என் வழக்குரையிலேயே சொல்லியிருக்கிறேன்" என்று பதில் எழுதி, நியாயம் இருந்தும் ஒருவர் தோற்க நேர்வதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருவது.

நீதிபதி கேட்பது ஒன்றுதான்: வழக்கின் முடிவை மாற்றக்கூடிய ஓர் உண்மையைப் பற்றி இரு தரப்புக்கும் மெய்யான தகராறு இருக்கிறதா? இருந்தால் அது விசாரணைக்குப் போக வேண்டும். சான்றுகளை உங்களுக்குச் சாதகமாகவே அவர் வாசிக்க வேண்டும். யார் சொல்வது மெய் என்று எடைபோடுவது அவர் வேலையன்று, ஜூரியின் வேலை. அதற்கும் எல்லை உண்டு. 2007ஆம் ஆண்டின் ஸ்காட் எதிர் ஹாரிஸ் வழக்கில், காவல்துறைத் துரத்தலின் வீடியோப் பதிவு வாதியின் கூற்றைத் தெளிவாகப் பொய்யாக்கியதால், அந்தக் கூற்றை ஏற்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

எனவே எதிர்த் தரப்பு "தகராறு இல்லை" என்று வரிசையிட்டிருக்கும் ஒவ்வொரு உண்மைக்கும் எதிரே உங்கள் சான்றைப் பக்க எண்ணோடு எழுதுங்கள்: மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, சாட்சியின் வாக்குமூலம். நீங்கள் நேரில் கண்டதையும் கேட்டதையும் எழுதி, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியுடன் தேதியிட்டுக் கையெழுத்திட்டால் அதுவும் சான்றாகும், நோட்டரி தேவையில்லை.

படி 4: தேவையான ஆவணம் எதிர்த் தரப்பிடம் இருந்தால்

விதி 56(டி)இன் கீழ் அவகாசம் கேட்கலாம். எந்த ஆவணம் வேண்டும், அது எந்தத் தகராறை நிரூபிக்கும், இதுவரை ஏன் கிடைக்கவில்லை என்று உறுதிமொழியோடு எழுதிக் கொடுங்கள். "இன்னும் நேரம் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் நீதிமன்றம் மறுத்துவிடக்கூடும்.