இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு இன்னொன்று. பெயரும் வேறு, நிறமும் வேறு. ஆனால் அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டிலும் பாராசிட்டமால் 500 மி.கி. என்று இருக்கக்கூடும். இரண்டிலிருந்தும் இரண்டிரண்டு போட்டால் ஒரு வேளைக்கே 2 கிராம் ஆகிவிடும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, சிலருக்கு அதைவிடக் குறைவு. மூன்றாவது வேளையில் வரம்பைத் தாண்டிவிடுவோம். அடி விழுவது கல்லீரலுக்கு. அதனால் விற்பனைப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது, "ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்" என்ற நம்பிக்கை. சில மருந்துகளுக்கு அது சரி. தைராய்டுக்கான லெவோதைராக்சினை இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால், அவை குடலிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். 4 மணி நேரம் தள்ளிப் போட்டால் பெரும்பாலும் சிக்கல் தீரும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் அப்படியல்ல. அதன் வேலை நாள்கணக்கில் நீடிக்கும். காலையில் அதையும் இரவில் மூட்டுவலிக்கு இபுப்ரோஃபெனையும் போட்டாலும் ரத்தக்கசிவு அபாயம் அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், மருந்துக் கணக்கில் சேர்க்காமல் விடுபவை. வாயில் பூஞ்சைத் தொற்றுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். மூலிகைப் பொடி, சத்து மாத்திரை, சொட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்லக் கூசும் மாத்திரையை மறைக்கவே கூடாது. ஆண்மைக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் போட்டவருக்கு நெஞ்சுவலி வந்து நைட்ரேட் மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். அந்த நேரத்தில் மருத்துவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

இரண்டு மருந்துகள் ஒத்துப்போகுமா என்று செல்போன் செயலியில் தேடிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதற்கு உங்கள் சிறுநீரகத்தின் நிலையோ வயதோ தெரியாது. அது சிவப்பு எச்சரிக்கை காட்டியதும் பழைய மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கான சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. புதிய மாத்திரையைத் தொடங்கும் முன், எல்லா அட்டைகளையும் முன்னும் பின்னும் படமெடுத்து மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள். ஏற்கெனவே இரண்டையும் போட்ட பிறகு மலம் கருப்பாகப் போனாலோ, மயக்கம் வந்தாலோ, மூச்சு திணறினாலோ, தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.