இரவு எட்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள்

அம்மாவுக்கு 79 வயதில் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஒன்றரை ஆண்டுகள் நானும் ஓர் உதவியாளரும் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். பொங்கலுக்கு ஊருக்குப் போன அந்த உதவியாளர் திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவர் பதினொரு நாளில் நின்றுவிட்டார். தனியாக அம்மாவைத் தூக்கி உட்காரவைத்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் இருவருமே படுக்கையில் கிடந்தோம். அதன் பிறகுதான், படுத்துவிட்ட முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லம் தேடக் கிளம்பினேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலுமாக ஒன்பது இடங்களைப் பார்த்தேன். முதலில் சேர்த்த இடத்திலிருந்து ஐந்தாவது வாரமே அழைத்து வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறார். அந்த முதல் ஐந்து வாரங்களை அம்மா பட்டிருக்க வேண்டியதே இல்லை. வேறு யாருடைய அம்மாவும் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பிரசவமும் குடல்வால் அறுவையும் நடக்கும் சிறு மருத்துவமனை. ‘முதியோர் இல்லம்’ என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் பல இடங்கள் எழுந்து நடமாடுகிறவர்களை மட்டுமே சேர்க்கின்றன. கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய இருக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்புகளில் வீடு வாங்கலாம், சாப்பாடு வரும். படுத்துவிட்டவரைக் கழுவித் துடைக்க ஆள் கிடைப்பது இடத்துக்கு இடம் மாறும். எனவே தொலைபேசியிலேயே முதல் கேள்வியாக, “படுத்த படுக்கையாக இருப்பவரைச் சேர்ப்பீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். உங்கள் அப்பா இன்று நடக்கிறவராக இருந்தால், “நாளைக்கு விழுந்து இடுப்பு முறிந்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா, அழைத்துப் போகச் சொல்வீர்களா?” என்று கேளுங்கள். இதற்கு நேராகப் பதில் சொன்னவர்கள் எனக்கு மூன்றே இடங்களில் கிடைத்தார்கள்.

நான் செய்த பெரிய தவறு, முதல் இல்லத்தைக் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தது. அந்த நேரத்தில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். எல்லோரும் குளித்து, பவுடர் பூசி, கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் வரும் நேரம் அது, முதலாளி இருக்கும் நேரமும் அதுதான். வாசலில் துளசி மாடம், வரவேற்பறையில் பெரிய மீன் தொட்டி. நானும் மயங்கிவிட்டேன். பகலில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்றார்கள். இரவில் எத்தனை பேர் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரவில் ஒரே ஒருவர். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் 18 பேர்.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க, அசைய முடியாத ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒருவரைப் புரட்டி, தலையணை அண்டை கொடுத்து, துணியைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 18 பேருக்கு 90 நிமிடம். டயப்பர் மாற்ற வேண்டும் என்றால் ஒவ்வொருவருக்கும் இன்னும் பத்து நிமிடம். ஒருவரால் செய்து முடிக்கவே முடியாது. அந்தப் பெண் நல்லவர்தான், சோம்பேறி அல்ல. முடியாத வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். ஐந்தாவது வாரம் அம்மாவின் வால் எலும்புக்கு மேல் ஒரு ரூபாய் அளவுக்குப் புண். கீழே காற்று மெத்தை போட்டிருந்தார்கள். அதன் மோட்டார் ஓடவில்லை.

ஆகவே முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது முறை சொல்லாமல், இரவுச் சாப்பாடு முடிந்து எட்டு மணிக்கு மேல் போங்கள். சில இடங்களில் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்பார்கள். பெண்கள் அறைக்குள் வேறு ஆட்களை விடக் கூடாது என்று அவர்கள் சொல்வது நியாயமே. வராந்தாவில் நின்று பேச மட்டும் அனுமதி கேளுங்கள். யார் கதவைத் திறக்கிறார்கள், எத்தனை பேர் நடமாடுகிறார்கள், யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களா என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். முடிந்தால் மூன்றாவது முறையாகக் காலை ஆறு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் சிறுநீர் வாடை அடிப்பதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்றும் நேரம் அது. பத்து மணிக்கும் அதே வாடை இருந்தால், அல்லது அதை மறைக்க ஊதுவத்தியும் பினாயிலும் மூக்கைத் துளைத்தால், அந்த இடம் வேண்டாம்.

உள்ளே போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அங்கே இருப்பவர்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா? கண்ணாடி துடைத்திருக்கிறதா? பல் செட் வாயில் இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா? பெண்கள் எல்லோருக்கும் தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறதா? பேன் வரும், எண்ணெய் வைத்துச் சீவ ஆள் இல்லை என்பார்கள். பேச முடியாத அம்மாவுக்கு மிச்சம் இருந்த ஒரே அலங்காரம் அந்தப் பின்னல். “முடியை வெட்டுவீர்களா?” என்று நான் எல்லா இடத்திலும் கேட்டேன். இப்போது இருக்கும் இல்லத்தில், “அவங்களைக் கேட்காமல் வெட்ட மாட்டோம்” என்றார் நர்ஸ். ‘உங்களை’ என்று சொல்லாமல் ‘அவங்களை’ என்று சொன்னார். அங்கேயே பாதி முடிவுசெய்துவிட்டேன்.

படுக்கை அருகில் அழைப்பு மணி இருந்தால் அழுத்திப் பாருங்கள். ஓர் இடத்தில் அழுத்தினேன், ஓசையே இல்லை. வயர் சுவரிலிருந்து பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இன்னோர் இடத்தில் மணி வேலை செய்தது, ஆனால் எல்லாக் கட்டிலுக்கும் வலப் பக்கத்தில். வலது கை விழுந்த அம்மா எப்படி அழுத்துவார் என்று கேட்டேன். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

ஒரு வேளைச் சாப்பாடு ஊட்டுவதைக் கட்டாயம் கூடவே இருந்து பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது சிரமம். படுத்த வாக்கில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியக்கூடும். தலையை உயர்த்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியில், விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். முடித்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே உட்காரவைக்க வேண்டும். நின்றுகொண்டே மூன்று பேருக்கு மாறி மாறி ஊட்டுகிற இடத்தையும் பார்த்தேன். மூக்கில் குழாய் போட்டால் வேலை சுலபம் என்று உங்களிடமும் சொல்லக்கூடும். விழுங்க முடிகிறவருக்கு அது தேவையா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே சம்மதியுங்கள். கை கால்களைக் கட்டிலில் கட்டுவார்களா, தூங்குவதற்கு மாத்திரை கொடுப்பார்களா, யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பணம். எனக்கு மாதம் 28,000 என்று சொன்னார்கள். முதல் மாதக் கட்டணச் சீட்டு 37,400 வந்தது. டயப்பர், கையுறை, பிசியோதெரபி, டாக்டர் வருகை எல்லாம் தனி. இவை ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா, மருத்துவமனையில் கூட இருக்கப்போவது அவர்கள் ஆளா நீங்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நள்ளிரவில் மூச்சுத் திணறினால் யார் முடிவெடுப்பார்கள், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்? 108-ஐ அழைப்பார்கள் என்பது மட்டும் பதில் ஆகாது. என் தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், அக்கா சென்னையில். மூவரும் சேர்ந்து யார் எவ்வளவு தருவது, யார் கையெழுத்துப் போடுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். பிறகு வந்திருக்கக்கூடிய பல மனக்கசப்புகளை அந்தத் தாள் தடுத்தது.

சமூக நலத்துறையில் பதிவு இருக்கிறதா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். பென்ஷன் ஏடிஎம் அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ இல்லத்தில் கொடுத்து வைக்காதீர்கள். எந்தத் தாளிலும் கைரேகை வாங்க விடாதீர்கள். வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சேர்த்துவிடுங்கள். கவனித்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கைவிட்டுவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். முதியோருக்கான உதவி எண் 14567. இல்லத்தில் கொடுமை நடப்பதாகத் தெரிந்தாலும் அதில் சொல்லலாம்.

வேலை பார்க்கும் பெண்களோடு பேசுங்கள். பலர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள், தமிழ் இப்போதுதான் பழகுகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு மிகவும் பிடித்தவர் அப்படி வந்தவர்தான். எத்தனை மாதமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லோரும் ‘போன மாதம்’ என்றால் ஆள் தங்காத இடம் அது. நோயாளிகளை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றும் கவனியுங்கள். முதல் இல்லத்தில் அம்மா ‘ஏழாம் நம்பர்’. இங்கே ‘டீச்சர் பாட்டி’. 31 ஆண்டுகள் ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவரை அப்படிக் கூப்பிட்டால், திரும்பிப் பார்க்கிறார்.

இப்போதைய இல்லத்தை முடிவுசெய்வதற்கு முன் அம்மாவைக் கேட்டேன். பேச முடியாது என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று உறவினர்கள் சொன்னார்கள். பெற்ற தாயைக் கொண்டுபோய் விடுகிறாள் என்றும் அவர்களே சொன்னார்கள். இரண்டு இல்லங்களின் படங்களைக் காட்டினேன். இடது கையால் வேப்பமரம் இருந்த படத்தைத் தொட்டார். முதலில் 15 நாளுக்கு மட்டும் சேர்த்துப் பார்த்தோம். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள், நீங்களும் கேளுங்கள்.

சேர்த்த பிறகு முதல் மாதம் வாரத்துக்கு மூன்று முறை, வெவ்வேறு நேரத்தில் போனேன். போகும்போதெல்லாம் போர்வையை விலக்கிக் குதிகால், இடுப்பு எலும்பு, வால் எலும்பு, தோள்பட்டை ஆகியவற்றைப் பார்ப்பேன். படுக்கைப் புண்ணின் தொடக்கம் நம் தோல் நிறத்தில் சிவப்பாகத் தெரியாது. சற்றுக் கருத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். உடனே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். மாதம் ஒரு முறை எடை பார்க்கச் சொல்லிக் குறித்துக்கொள்கிறேன்.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பெரிய எழுத்தில், தமிழிலும் இந்தியிலும்: “மணியை இடது பக்கம் வையுங்கள். உட்காரவைத்துத்தான் தண்ணீர். காபியில் சர்க்கரை அரைக் கரண்டி. வலது தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள், வலிக்கும். பின்னலை அவிழ்த்தால் திரும்பப் பின்னிவிடுங்கள். பெயர் டீச்சர்.” நர்ஸ் அதற்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “ரேடியோ இரவு ஒன்பது வரை.”