மாடியில் ஊதா அவரைக் கொடி: பூக்க வைப்பது எப்படி?

அழகுக்காக ஒரு கொடி வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது ஊதா அவரையைத்தான். தண்டு, பூ, காய் எல்லாமே ஊதா. பிஞ்சைப் பறித்துப் பொரியலும் செய்யலாம். வெந்ததும் ஊதா போய்ப் பச்சையாகிவிடும், பயப்பட வேண்டாம்.

விதை வாங்கும்போது பந்தல் அவரை என்று கேளுங்கள். குத்து அவரையைக் கொடுத்துவிட்டால் அது கொடியே ஓடாது.

முதலில் பட்டம், அதாவது விதைக்கும் பருவம். மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், இதில் தவறினால் பூவே இருக்காது. நாட்டு ரகப் பந்தல் அவரை பகல் பொழுது குறையக் குறையத்தான் மொட்டு வைக்கும். சித்திரையில் ஊன்றினால் மாடி முழுக்க இலைதான் பார்ப்பீர்கள். ஆடியில் ஊன்றுங்கள், கொடி ஏறி முடிக்கவும் பொழுது சுருங்கவும் சரியாக இருக்கும். பூக்கவில்லையே என்று சாணி உரத்தை அள்ளிக் கொட்டுபவர்கள் உண்டு. அவரையின் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவே காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. மேலும் போட்டால் இன்னும் இலைதான் வரும்.

விதையை ஓர் இரவு மட்டும் ஊறவைத்து, பெரிய பையில் ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு விதை ஊன்றுங்கள். நல்ல வெயில் படுகிற இடம் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. அவ்வளவுதான்.

அப்புறம் கயிறு. அவரைக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே சுற்றி ஏறும். அதனால் குறுக்குக் கயிற்றைவிட நெட்டுக் கயிறுதான் உதவும். பிவிசி குழாய் வழுக்கும், நைலான் வலையும் எனக்குப் பிடிக்காது. தேங்காய் நார்க் கயிறுதான் என் தேர்வு: சொரசொரப்பில் கொடி நழுவாது, பருவம் முடிந்ததும் கொடியோடு அறுத்து மக்கப் போட்டுவிடலாம். நுனியைக் கையால் சுற்றிவிடுவதானால், மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் அதுவே அவிழ்த்துக்கொள்ளும். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும்.

பூங்கொத்தில் எறும்பு ஊர்ந்தால், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல், மாலை நேரத்தில்.

பிற்சேர்க்கை: ஆடியில் ஊன்றியும் பூக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். கொடி மேல் விடிய விடிய விளக்கு வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். செடிக்கு அது பகல் நீளுவது போலத்தான், பூப்பது தள்ளிப்போகலாம். விளக்கை அணையுங்கள், அல்லது பையை நகர்த்துங்கள்.

இன்னொன்று, முற்றிக் காய்ந்த விதையைக் குழந்தைகள் பச்சையாக வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நச்சுத்தன்மை உண்டு. அடுத்த ஆடிக்கு எடுத்து வைப்பதை நன்றாக வெயிலில் காயவைத்து, சாம்பல் புரட்டி டப்பாவில் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும்.