மாட்டுக்கு வலி ஊசி போடும் முன் ஒரு கழுகை நினைப்பது எப்படி

1990-களின் கடைசியில் தொடங்கி ஏழெட்டு வருடம் என் தோல் பையில் நீங்காமல் இருந்த மருந்து டைக்ளோஃபெனாக். சத்தியமங்கலம் பக்கம் கால்நடை ஆய்வாளராக வேலை. மாடு நொண்டினால் டைக்ளோ, மடி வீங்கினால் டைக்ளோ, வண்டி மாடு அசந்து படுத்தால் டைக்ளோ. விலை மலிவு. காலையில் போட்டால் பொழுது சாய்வதற்குள் மாடு எழுந்து நின்று சோளத்தட்டு தின்னும். "சாருக்கு நல்ல கைராசிங்க" என்று இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பேச்சில் மயங்கித்தான் இருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டியில் மாடு செத்தால், கொண்டுபோய்ப் போட்ட கொஞ்ச நேரத்தில் வானத்தில் ஒரு புள்ளி வட்டமிடும். அப்புறம் பத்து, இருபது. மத்தியானத்துக்குள் எலும்புதான் மிஞ்சும், நாற்றமே இருக்காது. சில வருடம் கழித்துப் பார்த்தால் செத்த மாடு மூன்று நாள் கிடந்து ஊதுகிறது, நாய்கள் கூட்டமாகச் சண்டை போடுகின்றன. கழுகு எங்கே போச்சு என்று டீக்கடையில் பேசினோம். ஒருவர் செல்போன் கோபுரம் என்றார், இன்னொருவர் காடு அழிஞ்சுபோச்சு என்றார். என் பையை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

பாகிஸ்தானில் செத்து விழுந்த கழுகுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுதான் காரணத்தை 2003-இல் கண்டுபிடித்தது, 2004-இல் வெளியிட்டது. டைக்ளோ ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போனால் மருந்து அதன் கறியிலும் ஈரலிலும் இருக்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படியும். சில நாளில் தலை தொங்கிவிடும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்கிற அளவுக்குக் குறைந்துபோனது.

'பாறு' என்று சொன்னால் இப்போது பலருக்குப் புரிவதில்லை. பிணந்தின்னிக் கழுகு என்போமே, அதுதான். தமிழ்நாட்டில் நான்கு வகைகளைப் பார்க்கலாம்: வெண்முதுகு, கருங்கழுத்து, செந்தலை, மஞ்சள்முகம். திருக்கழுக்குன்றத்து மலைக்கு நாள் தவறாமல் வந்து பொங்கல் தின்றுபோன இரண்டும் மஞ்சள்முகப் பாறுதான். அவையும் 1990-களோடு வருவது நின்றுபோனது.

உலகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் உயிரினங்கள் அழியும் நிலையில் இருப்பதாக, பல நாட்டு அரசுகள் சேர்ந்து அமைத்த அறிவியல் குழு 2019-இல் சொன்னது. அந்த எண்ணைக் கேட்டால் எனக்குக் கை கால் ஓடாது. அதனால் என் கை வழியாகப் போன நான்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மாடு வைத்திருப்பவர்கள், ஊசி போடுகிறவர்கள், மருந்துக் கடைக்காரர்கள் முதலில் படியுங்கள்.

குப்பியில் சின்ன எழுத்தைப் படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது நமக்கு வேண்டாம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். கண் தெரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். கீழே உள்ளதை ஒரு சீட்டில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பாறுக்கு ஆகாத வலி மருந்துகள்: டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென், நிமெசுலைடு.
ஆகும்: மெலாக்சிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம்.

மாட்டுக்கான டைக்ளோவை நம் அரசு 2006-இல் நிறுத்தச் சொன்னது. உடனே என்ன நடந்தது தெரியுமா? மனிதருக்கான டைக்ளோ 30 மில்லி குப்பியில் வந்துகொண்டிருந்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 3 மில்லி. 30 மில்லி யாருக்கு? மாட்டுக்குத்தான். எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 2015-இல் மனித மருந்தும் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகும் சின்னக் குப்பிகளாகப் பத்து வாங்கி, ஒவ்வொன்றாக உடைத்து ஒரே சிரிஞ்சில் ஏற்றிய ஆளை நானே பார்த்தேன். கடையில் கேட்டால் "முழங்கால் வலிக்குன்னு சொல்லித்தாங்க வாங்கிட்டுப் போனாரு" என்றார்கள். கடைக்காரர்களே, ஒரு முழங்காலுக்குப் பத்து குப்பி ஒரே நாளில் தேவைப்படாது. அந்த இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

அசெக்ளோஃபெனாக் இன்னும் பெரிய ஏமாற்று. பெயர் வேறு, டப்பா வேறு, ஆனால் மாட்டு உடம்புக்குள் போனதும் டைக்ளோவாகவே மாறிவிடும். அதையும் கீட்டோப்ரோஃபெனையும் 2023-இல் மாட்டு வைத்தியத்தில் தடை செய்தார்கள். நிமெசுலைடு அதற்கப்புறம் பட்டியலில் சேர்ந்தது. ஃப்ளூனிக்சின் என்ற வலி மருந்தையும் நான் தொடமாட்டேன், பாறுக்கு அதுவும் நல்லதில்லை.

மெலாக்சிகாம் வேலை செய்யாது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். வேலை செய்யும். டைக்ளோ மாதிரி ஒரே மணி நேரத்தில் வித்தை காட்டாது, அவ்வளவுதான். அளவை மாட்டின் எடை பார்த்து டாக்டர் சொல்வார், பக்கத்துக் கொட்டகைக்காரர் சொல்லிப் போடாதீர்கள்.

"நான் ஒருத்தன் ஒரு ஊசி போட்டா என்னங்க ஆயிடும்?" என்ற கேள்வி எல்லா ஊரிலும் வரும். கணக்கு இருக்கிறது. செத்த மாடு 130-இல் ஒன்றில், ஏன், 760-இல் ஒன்றில் மருந்து இருந்தாலே நாம் பார்த்த அந்த அழிவுக்குப் போதும் என்று 2004-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பாறு தனியாகத் தின்னாது, கூட்டமாக இறங்கும். ஒரு மாடு ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். அது வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், குஞ்சு பெரிதாகி ஜோடி சேர ஐந்து வருடம் ஆகும். கோழி மாதிரி அடுத்த ஈட்டில் சரிக்கட்ட முடியாது.

வலி ஊசி வேண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

இதை எழுதும்போதுதான் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நான் போட்ட டைக்ளோவில் பாதி தேவையே இல்லாதது.

கன்று ஈன்ற மறுநாள் மாடு எழவில்லை, தலையை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருக்கிறது. வீட்டுக்காரம்மா ஓடி வருவார், "ஏனுங் சார், மாடு எந்திரிக்க மாட்டேங்குது, ஒரு வலி ஊசி போட்டு உடுங்க." காதைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அது பால்சுரம். பெயரில்தான் சுரம், உடம்பு குளிர்ந்துதான் கிடக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிப் போயிருக்கும். டாக்டர் வந்து நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால், நாம் டீ குடித்து முடிப்பதற்குள் மாடு எழும். வலி ஊசிக்கு அங்கே வேலையே கிடையாது. டைக்ளோ போட்டுவிட்டு, மாடு செத்து, அதை ஓடைக்கரையில் போட்ட வீடுகள் எனக்குத் தெரியும். அதில் ஒன்றிரண்டில் ஊசி போட்ட கை என்னுடையது.

மடிநோய் தொடக்கத்தில் இதைச் செய்து பாருங்கள்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையைத் தோலோடு நறுக்கி மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று வரும். மடியை நன்றாகக் கழுவி, பாலைக் கறந்து வெளியே கொட்டிவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள். பத்து தடவையா என்று மலைக்காதீர்கள், பூசியது காய்ந்தால் கழுவிவிட்டுத் திரும்பப் பூசுவதுதான். இரண்டு நாளில் வீக்கம் வடியவில்லை, பாலில் ரத்தம் வருகிறது, மாடு தீனி எடுக்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மாடு செத்துவிட்டால்

மாயாறு ஓரம், சத்தியமங்கலம், முதுமலைக் காட்டை ஒட்டிய ஊர்களுக்குத்தான் இது முக்கியம். தமிழ்நாட்டில் பாறு கூடு கட்டி வாழும் இடமாக மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தாக்குதான். ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும். கருங்கழுத்துக்கு மரம் ஆகாது, செங்குத்துப் பாறை வேண்டும்.

கடைசி ஒரு வாரத்தில் என்ன ஊசி போட்டீர்கள் என்று முதலில் நினைத்துப் பாருங்கள். ஆகாத பட்டியலில் ஒன்று போட்டிருந்தாலும் சரி, என்ன போட்டார்கள் என்றே தெரியாவிட்டாலும் சரி, புதைத்துவிடுங்கள். ஆறடிக் குழி, மேலே சுண்ணாம்பு, அப்புறம் மண். குழி ஆழம் போதாவிட்டால் நாய் தோண்டி எடுத்துவிடும்.

மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்து, மாடு திடீரென்று விழுந்து செத்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். தோல் உரிக்கக் கூடாது, கத்தியே படக்கூடாது. கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். இது கழுகுக்காக இல்லை, உங்கள் உயிருக்காக.

இரண்டும் இல்லை, வயதாகியோ பள்ளத்தில் விழுந்தோ மருந்து படாமல் செத்த மாடு என்றால், அவசரமாகப் புதைக்க வேண்டாம். வனக்காவலரிடம் கேளுங்கள், அவர் காட்டும் இடத்தில் வெட்டவெளியில் விட்டுவிடலாம். ரோடும் கரண்டுக் கம்பியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வயிறு முட்டத் தின்ற பாறு சட்டென்று மேலே எழும்பாது, தத்தித் தத்தி ஓடித்தான் கிளம்பும். லாரி வந்தால் தப்பிக்காது.

அப்புறம், புலியோ சிறுத்தையோ அடித்த மாடு. கோபம் வரும். கறவை மாடு போனால் ஒரு வீட்டின் மாசச் சம்பளம் போச்சு, எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் மிச்சக் கறியில் குருணைப் பூச்சிமருந்தைத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். புலி திரும்ப வருமோ வராதோ, பாறு கட்டாயம் வரும். தூவாமல் அப்படியே விட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இழப்பீடு உண்டு. இடத்திலிருந்து நகர்த்துவதற்கு முன் படம் எடுத்து, கால்நடை டாக்டரின் சான்று வாங்கி மனு கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்தப் பணம் கைக்கு வர பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் இன்னொரு மாடும் போயிருந்தது. விஷம் வைக்காதே என்று ஊருக்குச் சொல்கிறவர்கள் அந்தக் காகிதம் ஏன் நகரவில்லை என்று அலுவலகத்தில் போய் நின்றும் கேட்க வேண்டும். ஓய்வு பெற்றபின் எனக்கு இதுதான் வேலை, மாதம் இரண்டு தடவை பஸ் ஏறுகிறேன்.

காட்டுப் பக்கமே வராதவர்களுக்கு

உங்கள் ஊரில் பாறு இல்லாததன் விலையை நீங்களும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பாறு அழிந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024-இல் கணக்கிட்டார்கள். பிணம் அழுகித் தண்ணீர் கெட்டது, தெருநாய் பெருகியது, வெறிநாய்க்கடி பெருகியது. நீங்கள் செய்யக்கூடியது சின்னது. வீட்டில் மிஞ்சிய டைக்ளோ ஊசி, மாத்திரையை ஊருக்குப் போகும்போது "மாட்டுக்கு ஆகும்" என்று கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். இப்படிக் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது.

2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலமும் ஒரே நேரத்தில் எண்ணியபோது 246 பாறுகள். அதே வருடம் டிசம்பரில் 320. என் பழைய அலுவலக நண்பர் 74 கூடிவிட்டதே என்று இனிப்பு வாங்கி வந்தார். வருடத்துக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதத்தில் அப்படிக் கூடாது. எண்ணுகிறவர்கள் கை தேறியிருக்கும் என்றேன். ஆனாலும் இனிப்பைத் தின்றேன்.

சுவரில் ஒட்டச் சொன்ன அந்தச் சீட்டைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. போன ஐப்பசி மழையில் நான் ஒட்டியதெல்லாம் ஊறி விழுந்துவிட்டது. இரண்டு கொட்டகையில் மாடே இழுத்துத் தின்றுவிட்டது. இப்போது பழைய மருந்து அட்டையின் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மாட்டுக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டுகிறேன். ஊசி போட வருகிறவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். வாசல் பக்கம் வேண்டாம், மாடு கட்டும் முளைக்கு எதிரே மாட்டுங்கள்.