கழுத்தில் அடிபட்டவரை முதலில் பேசச் சொல்லுங்கள்

மாஞ்சா நூல் அறுத்த கழுத்தைக் கண்டால் எல்லோரும் பதறுவார்கள். துப்பட்டா பைக் சக்கரத்தில் சிக்கி இறுக்கிய கழுத்தில் ஒரு சிவந்த கோடுதான் தெரியும். "ஒண்ணுமில்ல, சிராய்ப்புதான்" என்பார்கள். கேஷுவாலிட்டியில் எனக்குப் பயம் தருவது இந்த இரண்டாவது கழுத்துதான். தோல் கிழியாமலே உள்ளே குரல்வளைக் குருத்தெலும்பு உடைந்திருக்கலாம், மூச்சுக்குழாய் பாதி அறுந்திருக்கலாம்.

ஆகவே முதலில் பெயரைக் கேளுங்கள். குரல் கம்மியிருக்கிறதா, எச்சிலில் ரத்தம் வருகிறதா, மூச்சை இழுக்கும்போது கீச்சொலி கேட்கிறதா? பிறகு கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் விரலால் அழுத்துங்கள். அப்பளம் நொறுங்குவதுபோல் நறுநறுத்தால், தோலுக்கடியில் காற்று கசிந்திருக்கிறது.

ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கையில் அந்த எண் கடைசியில்தான் சரியும். அதை நம்பி சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பி, உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறவரை மல்லாக்கப் படுக்கவைத்தால், ஸ்கேன் அறையிலேயே மூச்சு அடைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் மோசமானது, தசை தளர்த்தும் மருந்தைப் போட்டுவிட்டு, மூச்சுவிடச் செய்யும் செயற்கைக் குழாயைத் தொண்டைக்குள் உத்தேசமாகத் தள்ளுவது. பாதி அறுந்த மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிடி தளர்ந்த நேரத்தில் குழாய் முட்டினால் மிச்சமும் அறுந்து, கீழ்முனை மார்புக்குள் இறங்கிவிடும். தேடி எடுப்பது பெரும்பாடு. நோயாளி தானாக மூச்சுவிடும்போதே, ஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) வழியாகக் கண்ணால் பார்த்தபடி, செயற்கைக் குழாயின் நுனியருகே உள்ள பலூன் கிழிசலுக்குக் கீழே நிற்குமாறு செலுத்துவதே நல்லது. அது முடியாத இடத்தில், மரத்துப்போக ஊசி போட்டு ட்ரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் நேரடியாகக் குழாய் வைப்பது. இரண்டுக்கும் ஈ.என்.டி. மருத்துவரும் மயக்க மருத்துவரும் தொடக்கத்திலேயே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு விந்தை: மாஞ்சா வெட்டில் மூச்சுக்குழாய் திறந்து காற்று குமிழிட்டால் வேலை எளிது, நெருக்கடியில் அந்தத் திறப்பு வழியாகவே குழாயைச் செலுத்தலாம்.

மார்பில் அடிபட்டவரிடம் நடக்கும் தவறு வேறு. நுரையீரலைச் சுற்றிக் கசிந்த காற்றை வெளியேற்ற நெஞ்சில் ட்யூப் போட்ட பிறகும், அதன் மறுமுனை இருக்கும் தண்ணீர் பாட்டிலில் குமிழி நிற்காது, நுரையீரல் விரியாது. ட்யூபை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கிழிந்திருப்பது மூச்சுக்கிளைக் குழாயாக இருக்கலாம். பெரும்பாலும் அந்தக் கிழிசல், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து 2.5 செ.மீ.க்குள்தான் இருக்கும். மூன்றாவது ட்யூபைத் தேடுவதற்குமுன் மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் பார்க்கும் ஸ்கோப்பான பிராங்கோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பாருங்கள்.